கம்பெனி பூட்டிய பிறகும் ஓடும் காப்பீடு

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து இருக்கன்குடி, நென்மேனி, சாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் காலை நேரத்துப் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஓய்ந்துவிடும். நல்ல வருடமென்றால் சில வாரத்தில் பூஜை போட்டுத் திறப்பார்கள். ஆர்டர் மந்தம், மழை, நீதிமன்ற வழக்கு, எங்கோ நடந்த வெடிவிபத்தைத் தொடர்ந்து ஆய்வு, லைசென்ஸ் நிறுத்தம் என்று ஏதாவது வந்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். கூலி நின்ற வீட்டில் அரிசிக்கு அடுத்த கவலை ஆஸ்பத்திரிதான். "வேலையே இல்ல, கார்டு மட்டும் செல்லுமாக்கும்" என்று இ.எஸ்.ஐ. கார்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, சுகர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

கார்டு செல்லும். வேலை நின்ற தேதியும் காப்பீடு நிற்கிற தேதியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் பல மாதம் ஓடுகிறது. அந்த மாதங்களைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துகிறவருக்குச் செலவு குறைகிறது. தெரியாதவர் அதே மாதங்களில் கம்மலை அடகு வைக்கிறார். இந்த அத்தியாயத்தில் முதலில் அந்தக் கணக்கு, பிறகு அது தீர்ந்துபோனால் எங்கே போவது என்பது.

நாள் கணக்கு

இ.எஸ்.ஐ. வருடத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. இந்த ஆறு மாதத்தில் செலுத்திய சந்தாவுக்கான பலன் உடனே அடுத்த நாளிலிருந்து தொடங்காது, மூன்று மாதம் தள்ளித் தொடங்கும். ஏப்ரல்–செப்டம்பரில் வேலை செய்ததற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர்–மார்ச்சில் வேலை செய்ததற்கு அந்த ஜூலை முதல் டிசம்பர் வரை.

ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்காலப் பணமும் மருத்துவமும் உண்டு, அந்தச் சமயத்தில் நீங்கள் வேலையில் இல்லாவிட்டாலும். கூலியோடு விட்ட விடுமுறையும் நாளாகத்தான் எண்ணப்படும் என்பதை நினைவில் வையுங்கள். கணக்குப்பிள்ளைகளே சில சமயம் இதை விட்டுவிடுகிறார்கள்.

இதைப் பட்டாசுத் தொழிலின் போக்கோடு வைத்துப் பாருங்கள். கோடை முழுக்கவும் தீபாவளி நெருங்கும் வரையும் வேலை மும்முரம். ஆகவே கம்பெனி ரோலில் (பதிவேட்டில்) பெயர் இருக்கும் எவருக்கும் ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாள் சாதாரணமாகத் தேறிவிடும். அவருக்குத் தீபாவளியோடு வேலை நின்றாலும் அடுத்த ஜூன் 30 வரை ஆஸ்பத்திரிக் கதவு திறந்தே இருக்கிறது. நிஜமான ஓட்டை அதற்குப் பிறகு வருகிறது. அக்டோபர்–மார்ச்தான் மழையும் அடைப்பும் விழுகிற ஆறு மாதம். அதில் 78 தேறவில்லையென்றால் அடி ஜூலையில் விழும்.

2018-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த அக்டோபர் 23-ல் அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடம் கொடுத்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது என்றது. எதை வைத்துத் தயாரிப்பது என்று தெரியாமல் நவம்பர் நடுவில் சிவகாசி வட்டார ஆலைகள் மூடப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் அப்படியே கிடந்தன. லட்சக்கணக்கானோர் கூலி இழந்தார்கள். அப்போது ஊரெல்லாம் பேச்சு கூலியைப் பற்றித்தான். சந்தாக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும்: அக்டோபரில் வேலை செய்த நாள், நவம்பரில் சில நாள், திறந்த பிறகு மார்ச்சில் சில நாள் என்று சேர்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து தேறினாலே பெரிது. அதன் விளைவு 2019 ஜூலையில்தான் வந்திருக்கும், வேன்கள் மறுபடி ஓடத் தொடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்.

அந்த நிலையில் ஒருவர் மறுபடி ரோலில் சேர்ந்து சந்தா பிடிக்கப்படுகிறார் என்றால் அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். காய்ச்சலோ ஆபரேஷனோ வந்து வீட்டில் படுத்தால் கூலியின் 70 சதவீதமாக வர வேண்டிய நோய்க்காலப் பணம் வராது. ரோலில் ஏறாமல் 'சும்மா' வேலைக்குப் போகிறவருக்கு இரண்டுமே கிடையாது. உங்களுக்கு எது பொருந்தும் என்று ஊகிக்க வேண்டாம். உமங் செயலியில் இ.எஸ்.ஐ. பகுதிக்குப் போய் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொடுத்தால் எந்தெந்த மாதம் எத்தனை நாள் சந்தா போயிருக்கிறது என்று வரும். போன் வசதி இல்லாதவர்கள் கம்ப்யூட்டர் சென்டரில் அச்சு எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்த செல் நம்பர் ரீசார்ஜ் போடாமல் செத்துப்போயிருந்தால் ஓ.டி.பி. வராது, கிளை அலுவலகத்தில் ஆதாரோடு போய் நம்பரை மாற்றுவது முதல் வேலை. கட்டணமில்லா எண் 1800-11-2526.

ஓடும் மாதங்களில் முடிக்க வேண்டியவை

கம்பெனி பூட்டிய வாரமே செய்ய வேண்டியது, தள்ளிப்போட்டு வந்த வைத்தியத்தையெல்லாம் வரிசைப்படுத்துவது. கர்ப்பப்பைக் கட்டி, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், கண்புரை. "தீபாவளி முடியட்டும்", "மகள் கல்யாணம் முடியட்டும்" என்று எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு நிற்கும். வேலை இல்லாத நாள்தான் ஆபரேஷனுக்குத் தோதான நாள். அதுவும் காப்பீடு இருக்கும்போதே. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாததை வெளியே அனுப்பி வைப்பார்கள். இதய ஆபரேஷன், புற்றுநோய் போன்ற உயர் சிகிச்சைக்கு எத்தனை காலம் பதிவில் இருந்திருக்க வேண்டும் என்று தனி நிபந்தனைகள் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் அன்றே அங்குள்ள அலுவலகத்தில் அதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, காகிதங்கள். சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு என்று நாள்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முழுப் பரிசோதனை செய்து, சீட்டின் நகலையும் லேப் முடிவுகளையும் வாங்கி வையுங்கள். நாளை அரசு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது. இந்தப் பக்கத்தில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளே அதிகம். கணவன் பட்டாசு, மனைவி தீப்பெட்டி அல்லது அச்சகம். இருவருக்கும் தனித்தனிக் காப்பீட்டு எண் இருந்தால், ஒருவர் கணக்கு அறுந்தாலும் மற்றவர் எண்ணில் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் வைத்தியம் பார்க்கலாம். மனைவியின் கார்டில் கணவன் பெயர் சேர்க்கப்படாமலேயே இருக்கும், "என் கார்டு இருக்கே" என்ற நினைப்பில். இப்போதே சேர்த்துவிடுங்கள். வீட்டில் எந்தக் கார்டு கடைசிவரை ஓடுகிறதோ அதில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும்.

பிரசவம் எதிர்பார்க்கிற பெண்களுக்கு விதி சற்றுத் தாராளமானது. ஆறு மாதத்தில் 78 நாள் என்பதற்குப் பதில், முந்தைய இரண்டு சந்தாக் காலத்திலும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும்; 26 வாரத்துக்கு முழுக் கூலி விகிதத்தில் பேறுகாலப் பணம் உண்டு. அக்டோபர்–மார்ச் மோசமாகப் போனாலும் அதற்கு முந்தைய கோடை காப்பாற்றிவிடும் என்று அர்த்தம். கணக்கு தேறாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) பதிந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியைப் பெறலாம். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்.

வேலையிழப்புப் பணம்

இ.எஸ்.ஐ.யில் வேலை போனவருக்கே பணம் தரும் திட்டங்கள் இரண்டு இருக்கின்றன. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்பது சராசரி நாள் கூலியில் பாதியை 90 நாள் வரை தருகிறது. கம்பெனிக்காரர் கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை. தொழிலாளி நேரே கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். இது அவ்வப்போது காலநீட்டிப்பு பெற்று ஓடும் திட்டம் என்பதால் போன அன்றே இந்த ஆண்டு நிலவரத்தைக் கேளுங்கள். வேலைநிறுத்தம், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கம் போன்றவற்றுக்கு இது கிடையாது.

மற்றொன்று 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா. ஆலை சட்டப்படி நிரந்தரமாக மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, இரண்டு வருடம் சந்தா கட்டியவருக்கு 24 மாதம் வரை படி. முதல் வருடம் கூலியில் 50 சதவீதம், இரண்டாம் வருடம் 25. அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். பணத்தைவிட இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சிக்கல் என்னவென்றால், நம் பக்கத்தில் ஆலைகள் 'மூடப்படுவது' அபூர்வம், 'லீவு விடப்படும்'. வாய்வார்த்தையாக லீவு விட்டால் இந்தத் திட்டத்துக்குள் வர முடியாது. லைசென்ஸ் ரத்தாகி ஆலை உண்மையில் முடிந்துபோனது என்றால், அதைக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காதது, சங்கத்தின் வழியாகப் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வரி: ஐந்து வருடம் பதிவில் இருந்து ஓய்வு வயதில் விலகியவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் துணையும் இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு மலிவான காப்பீடு அபூர்வம். இதைக் கேட்டு வாங்குகிறவர்களும் அதிகம் இல்லை.

முதலமைச்சர் காப்பீடு

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக நடந்து, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு விருதுநகர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். விசாரிக்க 1800-425-3993.

இருவர் வேலைக்குப் போகிற வீட்டில் வருமான வரம்பு இடிக்கும். வரம்பு இன்றைய கூலிக்குப் பொருத்தமாக இல்லை என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று: நான்கு மாதம் ஆலை அடைத்துக் கிடந்த வருடத்தின் வருமானம் நல்ல வருடத்து வருமானம் அல்ல. நாள் கூலியை 300-ஆல் பெருக்கி எழுதிவிடாதபடி, வேலை இருந்த நாள்களின் கணக்கை வி.ஏ.ஓ.விடம் காட்டுங்கள். உமங்கில் எடுத்த சந்தா அச்சு இதற்கும் உதவும், இ.எஸ்.ஐ. உரிமை இப்போது இல்லை என்று காட்டுவதற்கும் அதே தாள்தான்.

இந்த அட்டை எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொள்வது அதைவிட அவசியம். வெளிநோயாளியாகப் போய் ஊசி போட்டு, மாத்திரை வாங்கி வருவதற்கு இது கிடையாது. பட்டியலில் உள்ள அறுவை, சிகிச்சை, பரிசோதனைகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும் செல்லும். "எங்க ஆஸ்பத்திரியில காப்பீடு உண்டு" என்று போர்டு இருந்தாலும், உங்களுக்குச் செய்யப்போகும் சிகிச்சைக்கு அங்கே உண்டா என்று கேட்க வேண்டும். படுக்கையில் சேர்வதற்கு முன்பே, அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே, காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அனுமதி வருவதற்குள் பணம் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்பது நடக்காத காரியம். அட்டையில் வரும் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் மேலே சொன்ன எண்ணில் புகார் செய்யலாம். வார்டிலிருந்தே போன் செய்யுங்கள், டிஸ்சார்ஜ் ஆனபின் குரல் எடுபடாது.

அட்டை எடுக்க நோய் வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். இ.எஸ்.ஐ. முடிகிற ஜூன் 30-க்குள் அது கையில் இருக்க வேண்டும்.

எந்த அட்டையும் இல்லாமல்

அரசு மருத்துவமனைக்கு அட்டை வேண்டாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் 'தர்மாஸ்பத்திரி' என்ற இளக்காரம் நம்மில் போகவில்லை. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் மருந்துகள்தான் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி வரை இலவசமாகக் கிடைக்கின்றன. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு அது. இருக்கன்குடிக்காரர்களுக்கு அருகில் சாத்தூர் அரசு மருத்துவமனை. அதற்கு மேலே 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. அதற்கும் மேலே மதுரை ராஜாஜி மருத்துவமனை.

சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பெயரைப் பதிந்தால் மாத்திரை ஊருக்கே வரும். இ.எஸ்.ஐ. அறுந்த மாதத்திலேயே பதியுங்கள். சுகர் மாத்திரையை நிறுத்தி மிச்சப்படுத்துகிற காசைப் பின்னால் கால் புண்ணுக்குப் பல மடங்காகக் கொடுக்க வேண்டியிருக்கும். கடையில்தான் வாங்க வேண்டுமென்றால் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் மக்கள் மருந்தகங்களும் பார்க்கத் தக்கவை. டாக்டரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த மருந்து எங்கே கிடைக்கும், எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவு என்று கேட்க 104.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருக்கன்குடி மாரியம்மனிடம் கண்ணுக்கு வேண்டிக்கொண்டு கண்மலர் வாங்கிச் செலுத்துகிறவர்களை ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆற்று மணல் முழுக்கப் பார்க்கலாம். நேர்த்திக்கடன் அவரவர் பாடு. கூடவே, கண்புரைக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் வைத்து இலவசமாகச் செய்கிறார்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுகிறவர்களின் வரவை வைத்தே கட்ட முடியாதவர்களுக்கும் பார்த்து வருகிறது. ஊர்ப்பக்கம் போடும் முகாம்களுக்கு வந்தால் போக்குவரத்தையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அரைகுறைப் பார்வையோடு வெடிமருந்து ரூமில் உட்கார்ந்து வேலை செய்வது அப்படி உட்காருகிறவருக்கு மட்டும் ஆபத்தில்லை.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டிய கட்டம் வந்தால், சேரும்போதே மதிப்பீட்டைத் தாளில் வாங்குங்கள். தினமும் அன்றைய பில்லைக் கேளுங்கள். நோயாளி நிலை சற்றுத் தேறியதும் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளக் கேட்பதில் வெட்கமில்லை. சங்கடம் எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு வருகிறது, அந்த நேரத்தில் கையில் ரொக்கத்தோடு வந்து நிற்கிறவர் வட்டிக்காரர். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று எந்தப் பெயரில் வந்தாலும் 2003-ஆம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அது குற்றம். நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் வையுங்கள்.

தீக்காயம் பட்டால்

இதுவரை சொன்ன 78 நாள் கணக்கை இந்தப் பகுதிக்கு மறந்துவிடுங்கள். வேலையிடத்து விபத்துக்கு நாள் கணக்கே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காயம்பட்டாலும் இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு, வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குக் கூலியில் 90 சதவீதம் உண்டு, ஊனம் நிலைத்தால் அதன் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் பணம், உயிர் போனால் குடும்பத்துக்கு மாத உதவி.

தீக்காயத்தின் மேல் ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. பலத்த காயமென்றால் மதுரைக்கு அனுப்புவார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்து, 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்தது, 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டியில் நடந்தது என்று இந்த வட்டாரம் கண்டவை கொஞ்சமில்லை. ஆனால் பேப்பரில் வராத சின்னக் காயங்கள் இவற்றைப் போலப் பல மடங்கு, அங்கேதான் உரிமை நழுவுகிறது.

நழுவுவது இப்படி. "செலவைக் கம்பெனி பாத்துக்கும், கேஸ் மட்டும் வேண்டாம், அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிரு" என்பார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் முதல் வரி, காயம் எங்கே எப்படிப் பட்டது என்பதுதான். அதில் 'வீட்டு அடுப்பு' என்று ஏறிவிட்டால், ஆறு மாதம் கழித்துக் கை மடங்காமல் போகும்போது மாத உதவியைக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. கம்பெனி முதல் வாரச் செலவைப் பார்ப்பது உண்மையாகவே இருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பார்க்கப்போவதில்லை. ஆலையின் பெயர், நேரம், செய்துகொண்டிருந்த வேலை மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். நிர்வாகம் இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

ரோலில் பெயரே இல்லாதவர்கள் நம் பக்கத்தில் கணிசம். உள்குத்தகைக்கு ரூம் எடுத்து நடத்துகிறவரிடம் வேலை செய்பவர்கள், விசேஷ நாளுக்கு மட்டும் போகிறவர்கள், பீஸ் ரேட்டுக்காரர்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர் "அவங்க என் ஆளே இல்ல" என்பார். சட்டத்தில் அந்தப் பேச்சு எடுபடாது: ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளியே சந்தாவுக்குப் பொறுப்பு, சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குப் பலனைத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு என்று போகிறது. இ.எஸ்.ஐ. பொருந்தாத இடமென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனு போடலாம். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு ஒரு சாட்சி. கூலி ஜி-பேயில் வந்த பதிவு, கூலிச் சீட்டின் போட்டோ, உடன் வேன் ஏறியவர்கள். போனில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். வீட்டில் குழாய் சுற்றுகிறவர்கள், தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவர்கள் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கான நல வாரியத்தில் பதிவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சூப்பர்வைசர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்கள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே போய்விடுகிறார்கள். அவர்களுக்குக் கம்பெனி எடுத்த குரூப் பாலிசி வேலையோடு முடியும். விலகுவதற்கு முன்பே அதே இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக் கேட்டால், ஏற்கெனவே ஓடிய காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். விண்ணப்பத்தில் சுகரை மறைக்காதீர்கள். கிளெய்ம் நிராகரிக்க அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கம்பெனி திறக்கும்போது

பூஜை போட்டு வேலைக்குக் கூப்பிடும் அன்று பழைய காப்பீட்டு எண்ணைக் கொடுங்கள். ஆலை மாறினாலும் எண் மாறாது. புதிய இடத்தில் அவசரத்துக்குப் புது எண் போட்டுவிட்டால் உங்கள் நாள்கள் இரண்டு கணக்கில் பிரிந்து, இரண்டிலும் 78 தேறாமல் போகும். ஏற்கெனவே இரண்டு எண் இருந்தால் கிளை அலுவலகத்தில் சொல்லி இணைத்துக்கொள்ளுங்கள். கூலியில் பிடித்தம் 0.75 சதவீதம்தான், பத்தாயிரம் ரூபாய்க்கு 75 ரூபாய். கம்பெனி தன் பங்காக 325 ரூபாய் போட வேண்டும். உங்கள் 75-ஐ மிச்சப்படுத்துவதாகச் சொல்லி ரோலில் ஏற்றாமல் விடுகிறவர் யாருடைய காசை மிச்சப்படுத்துகிறார் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அவர்கள் கட்ட வேண்டும். ஆகவே பிப்ரவரி வரை ஏறிய நாள்களை மார்ச் 16-ல் உமங்கில் பார்த்துவிடலாம். கூட்டிப் பாருங்கள். அறுபத்தெட்டோ எழுபதோ இருந்தால் மார்ச் முடிவதற்குள் விட்ட நாளைப் பிடித்துவிட வழி இருக்கிறது: மார்ச் முழுக்க விடாமல் போங்கள், சம்பளத்தோடு வரவேண்டிய லீவு பாக்கி இருந்தால் அதைக் கேட்டு எடுங்கள், ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ஐம்பதுக்குக் கீழே என்றால் அந்த வாரமே விருதுநகருக்கு பஸ் ஏறி முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.